திருமலைக் கம்பஸில் ஒரு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கச்சிக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே உண்மையில் முடிவெடுப்பது யார்? வளாக முதல்வரா, பீடாதிபதியா, வந்தாறுமூலையில் இருக்கும் உபவேந்தரா? பல்கலைக்கழகங்களில் சின்ன விடயத்துக்கும் மாதக்கணக்கு ஆகிறது என்கிறார்களே, அது ஏன்? ஏதாவது கேட்க வேண்டுமென்றால் யாருக்கு எழுதுவது?

தம்பி, நான் அந்த வளாகத்து ஆள் இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பதிவாளராக இருந்து பீடச் சபைக்கு மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதியவன். இப்போது ஓய்வு, உவர்மலையில் இருக்கிறேன். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் மிகப் பெரும்பாலானவை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ்தான் நடக்கின்றன. அதனால் ஓரிடத்தில் கண்டது மற்ற இடத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவரைத்தான் வெளியில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் கல்வி சார்ந்த முடிவு ஏறத்தாழ எப்போதும் அந்த விடயத்தை எழுதிய பத்திரம் முதலில் மேசைக்கு வந்த சபையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. மேலே போகப் போக அதைச் சரிபார்க்கிறார்கள், ஏற்கிறார்கள், சில நேரம் திருப்பி அனுப்புகிறார்கள். புதிதாக யோசிப்பது அபூர்வம். ஒரு முடிவை மாற்ற நினைப்பவர் அது கீழே இருக்கும்போதே பிடிக்க வேண்டும். உபவேந்தரின் கையெழுத்து விழுந்தபிறகு ஓடித் திரிவதில் பலன் குறைவு.

சபைகளைப் பற்றிச் சொல்கிறேன். அடியில் துறை. அதன் தலைவரை உபவேந்தரின் பரிந்துரையில் பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் சபையான பேரவை நியமிக்கும். துறைகள் சேர்ந்தது பீடம். பீடாதிபதியை யாரும் மேலிருந்து இறக்குவதில்லை. பீடச் சபை கூடி, அந்தப் பீடத்துத் துறைத்தலைவர்களில் ஒருவரை மூன்று வருடங்களுக்குத் தெரிவுசெய்யும். அதனால் பீடாதிபதியாக வர விரும்பும் பேராசிரியர் முதலில் துறைத்தலைவராக இருந்தாக வேண்டும். யார் எப்போது துறைத்தலைமையை ஏற்கிறார், யார் விடுகிறார் என்பதன் பின்னால் இந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். வெளியில் தெரியாத அரசியல் இது. கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், தேர்தல் என்றால் கணக்கு இருக்கத்தான் செய்யும்.

பீடச் சபையில் நிரந்தர விரிவுரையாளர்களும் பேராசிரியர்களும் இருப்பார்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, மாணவர்கள் தெரிவுசெய்யும் இரண்டு மாணவர் பிரதிநிதிகளுக்கும் அங்கே இடம் உண்டு. வெளியிலிருந்து மூன்று பேரையும் சபை சேர்த்துக்கொள்ளும். மாணவர் பிரதிநிதிகளைப் பற்றிப் பிறகு வருகிறேன், அதுதான் உங்கள் தங்கச்சிக்கு மிகவும் பயன்படும் பகுதி.

பீடங்களுக்கு மேலே மூதவை, அதாவது செனட். உபவேந்தர் தலைமை தாங்குவார். பீடாதிபதிகள், துறைத்தலைவர்கள், பேராசிரியர்கள், நூலகர், ஒவ்வொரு பீடத்திலிருந்தும் தெரிவான ஆசிரியப் பிரதிநிதிகள் எல்லாரும் இருப்பார்கள். பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் என்று கல்வி சார்ந்த எதுவும் இங்கேதான் முடியும். மூதவைக்குப் பக்கத்தில், நிர்வாகத்தில் அதற்கும் மேலே, பேரவை. பணம், நியமனம், காணி, கட்டடம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் அதன் கையில். பேரவையில் பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவர்களைவிடப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியார் ஒருவர் கூடுதலாக இருக்கும்படி சட்டம் வைத்திருக்கிறது. ஆணைக்குழு உறுப்பினர்களை ஜனாதிபதி நியமிக்கிறார். உபவேந்தர் பதவிக்கும் பேரவை மூன்று பெயர்களை அனுப்ப, அதில் ஒருவரை நியமிப்பது ஜனாதிபதிதான். ஆட்சி மாறும்போது பேரவை முகங்களும் மாறுவதாகச் செய்தி வருவது இதனால்தான். ஆனால் கல்வி விடயத்தில் மூதவையின் அபிப்பிராயத்தைக் கேட்காமல் பேரவை தன்பாட்டில் முடிவெடுக்க முடியாது. அந்தத் தடுப்பு ஒரு நல்ல தடுப்பு.

சரி, திருமலைக்கு வருவோம். இங்கே 1993இல் தொடங்கியது ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. 2001இல் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. தாய்ப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 ஒக்டோபரில் பல்கலைக்கழகமானது. வளாகம் என்றால் சட்டப்படி தனிப் பல்கலைக்கழகம் இல்லை. கோணேசபுரியில் கட்டடம் இருக்கிறது, பீடங்கள் இருக்கின்றன, முதல்வர் இருக்கிறார். மூதவையும் பேரவையும் மட்டும் வந்தாறுமூலையில் இருக்கும் தாய்ப் பல்கலைக்கழகத்துடையவை. வளாக முதல்வர் உபவேந்தரின் பணிப்புக்கு உட்பட்டு வளாகத்தை நடத்துகிறவர். அவரும் இங்குள்ள பீடாதிபதிகளும் பதவி வழியாகவே மூதவையிலும் பேரவையிலும் உட்காருகிறார்கள். 'எல்லாம் வந்தாறுமூலையில்தான்' என்று கடைத்தெருவில் பேசுவது பாதி உண்மை. இறுதி முத்திரை அங்கே. பத்திரம் எழுதப்படுவது இங்கே, அதற்காக அங்கே வாதாடுவதும் இங்கிருந்து போகிறவர்களே.

பீடம் என்ற அந்தஸ்து ஏன் பெரிய விடயம் என்பதும் இதில்தான் புரியும். சித்த மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் சித்த மருத்துவப் பட்டம் படிக்க இரண்டு இடங்கள்தான், யாழ்ப்பாணமும் திருகோணமலையும். இங்கே அது நீண்ட காலம் ஓர் அலகாக இருந்து பிறகு பீடமானது. அலகுக்குத் தெரிவான பீடாதிபதி கிடையாது. பீடமானால் ஒரு பீடாதிபதி வருகிறார், அவரோடு பேரவையில் ஓர் ஆசனமும் வருகிறது. பெயர்ப்பலகை மாறியதாக வெளியில் தெரியும், உள்ளே குரல் கூடியிருக்கும்.

இப்போது ஒரு பத்திரத்தின் பயணத்தைப் பார்ப்போம். நிலாவெளி, உப்புவெளி பக்கம் விடுதிகள் பெருகியிருக்கின்றன. வணிகம் படிக்கும் பிள்ளைகள் 'கரையோரச் சுற்றுலா பற்றி ஒரு தெரிவுப்பாடம் வேண்டும்' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இது நான் உதாரணத்துக்காகச் சொல்வது, அப்படி ஒரு கோரிக்கை இருப்பதாக எண்ணவேண்டாம்.

ஒரு விரிவுரையாளர் உட்கார்ந்து பாட விவரம் எழுத வேண்டும். எத்தனை திறமைப்புள்ளி (கிரெடிட்), எந்த அரையாண்டு, கற்றல் பேறுகள் என்ன, எப்படி மதிப்பீடு, எந்த நூல்கள் என்று எல்லாம். பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகம் வந்தபிறகு இதில் தப்ப முடியாது. அந்தச் சட்டகப்படி மூன்று வருடப் பட்டத்துக்கு 90 திறமைப்புள்ளிகள், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. புதிய பாடம் ஒன்று நுழைந்தால் மொத்தம் எங்கே போய் நிற்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பத்திரம் துறைக் கூட்டத்துக்கு வரும். அங்கே வரும் முதற்கேள்வி 'நல்ல பாடமா' என்பதில்லை. 'யார் படிப்பிப்பது?' என்பதுதான். ஆள் இல்லையென்றால் வருகைதரு விரிவுரையாளர், அவருக்குக் கொடுப்பனவு, அதற்கு ஒதுக்கீடு என்று பேச்சு நீளும். நான் பார்த்த அளவில், செத்துப்போகும் யோசனைகளில் பெரும்பாலானவை இந்த மேசையில்தான் செத்துப்போகின்றன. யாரும் எதிர்த்து வாக்களிப்பதில்லை. 'அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்' என்பார்கள், அவ்வளவுதான்.

தப்பினால் பீடச் சபை. இங்கே மற்றத் துறைக்காரர்கள் கண் வைப்பார்கள். 'இதில் பாதி எங்கள் சந்தைப்படுத்தல் பாடத்தில் ஏற்கனவே இருக்கிறதே' என்று ஒருவர் சொல்வார். அது சில நேரம் நியாயமான ஆட்சேபம், சில நேரம் எல்லைச் சண்டை. இரண்டையும் பிரித்தறியச் சபையில் இருந்து பழக வேண்டும். திருத்தத்தோடு நிறைவேறினால் மூதவைக்குப் போகும். மூதவையில் அதன் உபகுழு ஒன்று வடிவம் சரியா என்று பார்க்கும். பிறகு மூதவை அனுமதிக்கும். ஒரு தெரிவுப்பாடத்தின் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். முழுப் பட்டநெறி புதிதாக வேண்டுமென்றால் பேரவை தாண்டி மானியங்கள் ஆணைக்குழு வரை போக வேண்டும், வருடக்கணக்கு.

மாதக்கணக்கு ஏன் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. பீடச் சபை, மூதவை, பேரவை மூன்றும் வழமையாக மாதத்துக்கு ஒருமுறை கூடுபவை. கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே நிகழ்ச்சிநிரல் மூடப்படும். திங்கட்கிழமை மூடினால், செவ்வாய்க்கிழமை கொண்டுவந்த கடிதம் அடுத்த மாதத்துக்குத்தான். ஒவ்வொரு படியிலும் ஒருமுறை தவறினாலே ஓர் அரையாண்டு போய்விடும். இதில் யாரும் சோம்பேறியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. போதாததற்கு, மினிட்ஸை அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தும்வரை காத்திருந்து வேலை தொடங்கும் பழக்கமும் சில அலுவலகங்களில் உண்டு. 'உறுதிப்படுத்தலுக்குக் காத்திராமல் நடவடிக்கை எடுக்கலாம்' என்று ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னால் ஒரு மாதம் மிச்சம். அவசரமென்றால் பீடாதிபதியோ உபவேந்தரோ தானே முடிவெடுத்துவிட்டுப் பிறகு சபையில் கவரிங் அப்ரூவல் வாங்குவார். வெள்ளம், வேலைநிறுத்தம், நோய்ப் பரவல் போன்றவற்றுக்கு இது வேண்டும்தான். சாதாரண விடயங்களுக்கும் இதையே வழியாக்கிக்கொண்டால் சபை வெறும் தலையாட்டும் இடமாகிவிடும். மினிட்ஸில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தாலே ஒரு பீடத்தின் சுகநிலை தெரிந்துவிடும்.

திருமலைக்குத் தூரமும் ஒரு காரணமாக இருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். மூதூர், வெருகல், வாகரை வழியான கரையோரப் பாதை சீராகும்வரை மட்டக்களப்புப் பக்கம் போக ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்ற வேண்டும். ஒரு கூட்டத்துக்காக ஒரு பகல் முழுவதும் போய்விடும். பாதையும் பாலமும் வந்தபின், அதற்கும் பிறகு 2020இலிருந்து சூமில் கூட்டம் நடத்தும் பழக்கம் வந்தபின், இந்தக் காரணத்தின் எடை குறைந்துவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பேசித் தீர்க்கும் விடயங்கள் பல உண்டு. சூமில் அந்தத் தேநீர் இல்லை.

'அப்படியென்றால் திருமலையும் தனிப் பல்கலைக்கழகமானால் சரிதானே' என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியாப் பல்கலைக்கழகமானதிலிருந்து இங்கே இந்தப் பேச்சு சூடாக இருக்கிறது. யாழ்ப்பாணமே 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனித்ததுதான். தனியானால் சொந்த மூதவை, சொந்தப் பேரவை, வரவுசெலவில் சொந்தத் தலைப்பு எல்லாம் வரும். நான் ஆதரிக்கிறவன்தான். ஆனால் சின்ன மூதவைக்கு ஒரு வியாதி உண்டு. துறையில் பத்திரத்தை எழுதியவர், பீடத்தில் அதை ஆதரித்தவர், மூதவையில் அதைச் சரிபார்க்க வேண்டியவர் மூவரும் ஒரே ஆளாக இருப்பார். கேள்வி கேட்க வெளியாள் இல்லை. பேராசிரியர் எண்ணிக்கை ஓரளவு வளராமல் பெயரை மட்டும் மாற்றினால் வேகம் வரும், தரம் தடுமாறும். நிரந்தரப் பதவி ஒன்றை உருவாக்குவதற்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் சரி சொல்ல வேண்டும், திறைசேரி காசு தர வேண்டும். அந்தக் கதவு கொழும்பில் இருக்கிறது. வந்தாறுமூலையைத் திட்டிப் பிரயோசனமில்லை.

அதேபோல வளாகம் தீர்மானிக்கவே முடியாத இன்னும் சில உண்டு. யாருக்கு அனுமதி என்பது மானியங்கள் ஆணைக்குழுவின் வேலை. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. பல்கலைக்கழகம் மாறுவது, மஹாபொல உதவித்தொகை கிடைப்பது கிடைக்காதது போன்றவற்றுக்கும் பீடாதிபதி அறைக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. மாணவர் நலன் பிரிவு படிவத்தை வாங்கி அனுப்பும், முடிவு வெளியிலிருந்து வரும்.

யாருக்கு எழுதுவது? விடுதி, தண்ணீர், சிற்றுண்டிச்சாலை, பாதுகாப்பு என்றால் விடுதிப் பொறுப்பாளர், பிறகு மாணவர் நலன் பிரிவு, பிறகு வளாக முதல்வர். இவற்றுக்கு மூதவை தேவையில்லை, வளாகத்துக்குள்ளேயே முடியும். பகிடிவதை என்றால் இந்த வரிசையையெல்லாம் பார்க்காதீர்கள். மாணவ ஆலோசகருக்கு உடனே சொல்லுங்கள், பொலிசுக்கும் போகலாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், பல்கலைக்கழகத்தின் உள்வீட்டு விடயம் இல்லை.

பாடம், பரீட்சை, வரவு என்றால் துறைத்தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்கு. அந்த 'ஊடாக' முக்கியம். நேரே உபவேந்தருக்கு எழுதினால் வேகமாக நடக்கும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. உபவேந்தர் அலுவலகம் அதைப் பதிவாளருக்கு அனுப்பும், பதிவாளர் பீடாதிபதிக்கு, பீடாதிபதி துறைத்தலைவருக்கு, 'அவதானிப்புக்காக' என்று குறிப்புப் போட்டு. கடைசியில் முதல் நாளே கொடுத்திருக்க வேண்டிய மேசைக்குத்தான் வந்து சேரும், அதற்குள் ஒரு மாதம் போயிருக்கும். துறைத்தலைவரைப் பற்றியே முறைப்பாடு என்றால் மட்டும் அவரைத் தாண்டலாம்.

தமிழில் எழுதலாமா என்றால் தாராளமாக எழுதலாம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் சபைப் பத்திரங்கள் நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் ஓடுகின்றன. உங்கள் கடிதத்தை யாரோ ஒருவர் இரண்டு வரியில் ஆங்கிலத்தில் சுருக்குவார், அந்த இரண்டு வரிதான் சபை பார்ப்பது. ஆகவே என்ன நடந்தது, எந்த விதி, என்ன வேண்டும் என்ற மூன்றையும் அரைப்பக்க ஆங்கிலத்தில் நீங்களே இணைத்துவிடுங்கள். உங்கள் விடயத்தை வேறொருவர் சுருக்க விடாதீர்கள்.

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. 'என் விடயம் என்ன ஆயிற்று' என்று கேட்பதைவிட 'இன்ன மாதப் பீடச் சபையில் இந்த விடயம் பற்றிய தீர்மானத்தின் பிரதி வேண்டும்' என்று கேளுங்கள். ஆவணத்தைக் கேட்டால் ஆவணம் வரும், விளக்கம் கேட்டால் சமாளிப்பு வரும். ஆனால் பரீட்சை தொடர்பில் இரகசியமாகப் பேண வேண்டிய தகவலைத் தராமல் விட அதே சட்டம் இடமளிக்கிறது. புள்ளியில் சந்தேகமென்றால் பீடத்தின் மீள்பரிசீலனை முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபை என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது ஊழியர்களுக்கு, மாணவர்களுக்கு இல்லை. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக நினைப்பவர்களுக்கு அரசியலமைப்பு தரும் அவகாசம் ஒரே ஒரு மாதம். முறைப்பாட்டுக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தே அந்த மாதத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

மாணவர் பிரதிநிதிகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா. பரீட்சை விடயங்கள் வரும்போது அவர்களை வெளியே இருக்கச் சொல்வார்கள், அது வழமை. மற்ற நேரமெல்லாம் அவர்களுக்கும் நிகழ்ச்சிநிரல் வருகிறது, பேச இடம் இருக்கிறது, அவர்கள் சொல்வது மினிட்ஸில் ஏறும். ஆனால் நான் குறிப்பெழுதிய காலத்தில் பெரும்பாலான கூட்டங்களில் அந்த இரண்டு கதிரைகளும் காலியாகவே இருந்தன. வந்தவர்களும் மாணவர் ஒன்றியம் சொல்லிவிட்ட கோரிக்கையை வாசித்துவிட்டுப் போவார்கள். தோரணத்துக்கும் ஊர்வலத்துக்கும் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒன்றை அந்த நிகழ்ச்சிநிரலை வாசிப்பதில் செலவிட்டிருந்தால் பல விடயங்களில் விளைவு வேறாக இருந்திருக்கும். ஒரு பிள்ளை மட்டும் நினைவில் இருக்கிறாள். பரீட்சை அட்டவணைப் பத்திரம் வந்தபோது நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலையில் பரீட்சை விழுவதைச் சுட்டிக்காட்டி, மாற்றுத் திகதியையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சபை பத்து நிமிடத்தில் மாற்றியது. அதே கோரிக்கை அட்டவணை ஒட்டப்பட்டபின் வந்திருந்தால் மண்டபம், மேற்பார்வையாளர், வினாத்தாள் அச்சு என்று ஆயிரம் காரணம் சொல்லியிருப்போம்.

தங்கச்சி சேர்ந்ததும் மாணவர் கைநூலை வாங்கி, பரீட்சை விதிகள் இருக்கும் பக்கங்களை ஆறுதலாக ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை வீத வரவு வேண்டும், மருத்துவச் சான்றிதழை எத்தனை நாட்களுக்குள் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பவை அதில்தான் இருக்கும். பீடத்துக்குப் பீடம் அவை மாறும், சீனியர்கள் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதியில் திகதி முத்திரை போட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.